யலம்லம் முதல் பீளமேடு வரை: கொங்கு நாட்டுப் பயணியரும் இஹ்ராம் எல்லையும்

மக்காவைச் சூழ்ந்த நிலத்தை இஸ்லாமியச் சட்ட நூல்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த வட்டாரங்களாகப் பிரித்துக் காண்கின்றன. கஅபாவை நடுவில் கொண்டு, வேட்டையாடுவதும் தானே முளைத்த செடிகொடிகளை வெட்டுவதும் எந்நாளும் எவருக்கும் தடுக்கப்பட்டிருக்கும் உள்வட்டாரம் ‘ஹரம்’ எனப்படும். அதற்கு வெளியே அத்தடைகள் இல்லாத இடைநிலம் ‘ஹில்’ எனப்படும். அந்த இடைநிலத்தின் வெளிவிளிம்பில், ஹஜ்ஜுக்கோ, சிறு புனிதப் பயணமான உம்ராவுக்கோ வருபவர் இஹ்ராம் என்னும் விரதநிலைக்குள் புகுந்தாக வேண்டிய இடங்கள் ‘மீக்காத்’ எனப்படும். மீக்காத்துக்கு அப்பாலுள்ள உலகம் முழுவதும் ‘ஆஃபாக்’. கோவையின் கோட்டைமேட்டிலோ கரூர்ப் பக்கத்துப் பள்ளப்பட்டியிலோ இருந்து புறப்படும் பயணி சட்டத்தின் பார்வையில் ஓர் ‘ஆஃபாக்கி’, அதாவது வெளியுலகிலிருந்து வருபவர். ஹரமின் தடைகள் நிலத்தோடு ஒட்டியவை, இஹ்ராமின் தடைகள் ஆளோடு ஒட்டியவை என்ற வேறுபாட்டை மனத்தில் கொண்டால்தான் மற்றவை விளங்கும். மக்காவாசி ஒருவர் வாழ்நாள் முழுவதும் ஹரமுக்குள் இருந்தும் இஹ்ராமில் இல்லாமல் இருக்கலாம், அரபிக்கடலுக்கு மேலே பறந்துகொண்டிருக்கும் கோவைப் பயணி ஹரமை எட்டுவதற்கு வெகுமுன்பே இஹ்ராமில் இருக்கலாம்.

கொங்கு நாடு கடற்கரை இல்லாத நாடு. காயல்பட்டினத்துக்கும் கீழக்கரைக்கும் நாகூருக்கும் கப்பல் வாழ்வோடு ஒட்டியது. கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் வட்டாரத்து முஸ்லிம்களுக்கோ மக்காவின் எல்லை எப்போதும் பிறர் ஊரின் துறைமுகத்தையும் பிறர் ஊரின் விமான நிலையத்தையும் தாண்டியே வந்தது. அதனால் எல்லைக்கான ஆயத்தம் இங்கே ஓரிடத்தில் நிகழாமல் வழி நெடுகிலும் பரவிக் கிடந்தது. கடந்த நூறாண்டுகளில் வாகனம் மாற மாற, இஹ்ராம் உடை பயணியின் வீட்டு வாசலை நோக்கி நகர்ந்து வந்திருக்கிறது. இஹ்ராமின் உயிரான நிய்யத், அதாவது உள்ளத்தின் உறுதிப்பாடு, பெரும்பாலானவர்களுக்கு அரேபிய வானத்திலேயே நின்றுவிட்டது. ஒருகாலத்தில் ஒரே கணத்தில் நிகழ்ந்த இரண்டும் இப்படிப் பிரிந்து நிற்பதே இன்றைய கொங்குப் பயணியின் தனிநிலை.

மீக்காத்துகள் ஐந்து. மதீனாவாசிகளுக்கு, இன்று அப்யார் அலி என்று வழங்கும் துல்ஹுலைஃபா, சிரியா, எகிப்துப் பக்கத்தாருக்கு ஜுஹ்ஃபா, நஜ்துவாசிகளுக்குக் கர்னுல் மனாஸில், யமன்வாசிகளுக்கு யலம்லம், ஈராக்கியருக்கு தாத்து இர்க். இவற்றுள் துல்ஹுலைஃபாவே மக்காவிலிருந்து மிகத் தொலைவானது. மதீனாவின் நபிப் பள்ளியிலிருந்து பத்து கிலோமீட்டர் அளவிலும், மக்காவிலிருந்து நானூறு கிலோமீட்டருக்கும் மேலான தொலைவிலும் உள்ளது. கர்னுல் மனாஸிலும் யலம்லமும் மக்காவிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு உட்பட்டவை. இவ்விடங்கள் அந்தந்த நாட்டாருக்கு மட்டுமல்ல, அவ்வழியே வரும் எவருக்கும் உரியவை என்று நபித்தோழர் இப்னு அப்பாஸ் வழி வரும் நபிமொழி தெளிவாக்குகிறது. ஆகவே தமிழருக்கென்று தனி மீக்காத் கிடையாது. அவர் எந்த வழியில் வருகிறாரோ அந்த வழியின் எல்லையே அவருடைய எல்லை.

இந்த ஐந்தில் எதையும் தொடாத வழியில் வருபவர் என்ன செய்வது என்ற கேள்வி மிகப் பழையது. ஈராக்கில் கூஃபா, பஸ்ரா நகரங்களை முஸ்லிம்கள் அமைத்த பிறகு அங்குள்ளோர் கலீஃபா உமரிடம் வந்து, கர்னுல் மனாஸில் தங்கள் வழியிலிருந்து விலகியிருப்பதைச் சொன்னபோது, உங்கள் பாதையில் அதற்கு நேரான இடத்தைப் பாருங்கள் என்று சொல்லி அவர் தாத்து இர்க்கை வரையறுத்ததாக புகாரீயின் நபிமொழித் தொகுப்பு கூறுகிறது. நபிகளே அதை வரையறுத்ததாகவும் வேறு அறிவிப்புகள் உண்டு. எப்படியாயினும், எல்லை என்பது மண்ணில் நாட்டிய கல் மட்டுமல்ல, அக்கல்லுக்கு நேராக நீளும் கோடும்தான் என்ற கருத்து இங்கே வேர்கொண்டது. ‘முஹாதாத்’ என்று சட்ட நூல்கள் அழைக்கும் இந்த நேர்நிலைக் கொள்கை இல்லையென்றால் கடலில் வரும் இந்தியருக்கும் வானில் வரும் இந்தியருக்கும் மீக்காத் என்ற ஒன்றே இருந்திருக்காது.

கப்பல் காலத்தில் கொங்கு நாட்டுப் பயணம் இருப்புப் பாதையில் தொடங்கியது. 1862இல் சென்னையையும் மலபார்க் கரையையும் இணைத்த பாதை கோவையை அடுத்த போத்தனூர் வழியாகச் சென்றது. 1871இல் சென்னைக்கும் பம்பாய்க்கும் தண்டவாளம் இணைந்தபின், ஹஜ் கப்பல்களின் பெருந்துறையான பம்பாயை உள்நாட்டுப் பயணி ரயிலிலேயே அடைய முடிந்தது. அங்கிருந்து ஏடன் வழியாகச் செங்கடலுக்குள் நுழைந்த கப்பல், யமன் கரைக்கு அருகிலுள்ள கமரான் தீவில் நின்றாக வேண்டும். 1865இல், மக்காவும் மதீனாவும் அடங்கிய ஹிஜாஸில் பரவிய காலரா உலகெங்கும் கிளப்பிய அச்சத்தின் விளைவாக, உஸ்மானிய அரசு 1880களின் தொடக்கத்தில் அத்தீவில் ஒரு தொற்றுத்தடுப்பு நிலையத்தை அமைத்தது. பயணியர் அங்கே இறக்கப்பட்டு, குளிக்க வைக்கப்பட்டு, உடுத்திய துணிகள் நீராவியில் இடப்பட்டு, குறித்த நாள் கழிந்த பிறகே கப்பலேற விடப்பட்டனர். அதன்பின் வடக்கு நோக்கிச் செல்கையில்தான் யலம்லமுக்கு நேரான நீர்ப்பரப்பு வரும். ஆக, அன்றைய பயணி சில நாள் இடைவெளியில் இரண்டு எல்லைகளில் இருமுறை உடை களைந்து குளித்தார். ஒன்று அவரை நோயின் சுமையாளராக மட்டுமே பார்த்த அதிகாரத்தின் கட்டளை. மற்றொன்று அவர் தாமே விரும்பி ஏற்ற வணக்கம். ஹஜ்ஜின் வரலாற்றை எழுதுவோர் முதலாவதை விரிவாக எழுதுகிறார்கள், ஆவணங்கள் அதற்கு நிறைய இருப்பதால். இரண்டாவது எந்த ஆவணக் காப்பகத்திலும் பதிவாகவில்லை என்பதற்காக அது சிறிய செய்தி ஆகிவிடாது.

யலம்லம் கடற்கரை ஊர் அன்று, உள்நாட்டுப் பள்ளத்தாக்கு. கப்பலின் மேல்தளத்தில் நிற்பவருக்கு அது தெரியாது. மாலுமிகள் கணக்கிட்டு அறிவிக்க, சங்கொலி எழுப்பப்பட, அந்த அடையாளமற்ற நீர்ப்பரப்பில்தான் ஆடவர் இரண்டு வெள்ளைத் துணிகளுக்கு மாறி, ‘லப்பைக்’ என்று தொடங்கும் தல்பியாவை முழங்கினர். ஆனால் இதிலும் ஒரு கருத்து வேறுபாடு இருந்தது. பதினாறாம் நூற்றாண்டில் மக்காவில் வாழ்ந்த ஷாபிஈ அறிஞர் இப்னு ஹஜர் அல்ஹைதமீ, தம் ‘துஹ்ஃபா’ நூலில், கடல்வழியே வருபவர் ஜித்தா வரை இஹ்ராமைத் தள்ளிப்போடலாம் என்றார். யலம்லத்திலிருந்து மக்காவுக்குள்ள தொலைவும் ஜித்தாவிலிருந்து உள்ள தொலைவும் ஏறக்குறைய ஒன்றே என்பது அவர் வாதம். ஷாபிஈ மத்ஹபுக்குள்ளேயே, அதாவது அச்சட்ட மரபுக்குள்ளேயே, இதை மறுத்தோர் உண்டு. எனினும் மலபார், சோழமண்டலக் கரைகளில் துஹ்ஃபாவுக்கு இருந்த மதிப்பு பெரிது. மற்றொரு மத்ஹபான ஹனபியைச் சேர்ந்த பிற்காலத்து இந்திய அறிஞர் சிலரும் கப்பல் பயணியர் விஷயத்தில் ஏறத்தாழ இதே முடிவுக்கு வந்தனர்.

அந்த வாதம் ஏன் கப்பலுக்குப் பொருந்தி விமானத்துக்குப் பொருந்தாமல் போனது என்பதை நிலப்படத்தை விரித்துப் பார்த்தால் உடனே காணலாம். கப்பல் மக்காவின் மேற்கே, கடலோரமாக, எல்லைக் கோட்டுக்கு வெளியே சுற்றிக்கொண்டு ஜித்தாவை அடைந்தது. அது மக்காவின் பக்கமாகக் கோட்டைக் கடக்கவே இல்லை என்று வாதிட இடம் இருந்தது. தென்னிந்தியாவிலிருந்து புறப்படும் விமானமோ அரபிக்கடலைத் தாண்டி, தீபகற்பத்தின் கிழக்குப் புறமாக நுழைந்து, நஜ்து நிலத்தின் மேலாகப் பறந்து, கர்னுல் மனாஸிலின் கோட்டை வெட்டிக்கொண்டு, மேற்கே இருக்கும் ஜித்தாவில் இறங்குகிறது. இறங்குமிடத்தில் இஹ்ராம் கட்டலாம் என்பவர் எல்லையைக் கடந்து முடித்த பிறகே கட்டுகிறார். விமானப் பயணியருக்கு ஜித்தாவையே மீக்காத்தாகக் கொள்ளலாம் என்று கத்தாரின் ஷைக் அப்துல்லாஹ் பின் ஸைத் ஆல் மஹ்மூது போன்ற சிலர் எழுதியதுண்டு. 1986இல் அம்மானில் கூடிய பன்னாட்டு இஸ்லாமியச் சட்ட அகாதமி அதை ஏற்கவில்லை. வானில் வருபவரும் மீக்காத்துக்கு நேராக வருமுன் இஹ்ராமில் புகவே வேண்டும் என்று அது தீர்மானித்தது.

இந்தியாவிலிருந்து ஹஜ் கப்பல்கள் 1995இல் நின்றன. அதன்பின் வந்த எளிய நடைமுறை ஒன்றே பழைய ஒழுங்கை மாற்றியது. விமானத்தின் குறுகிய கழிவறைக்குள் நூற்றுக்கணக்கானோர் உடை மாற்றுவது ஆகாத காரியம். ஆகவே நேராக ஜித்தா செல்லும் பயணியர் புறப்படும் ஊரிலேயே குளித்து இஹ்ராம் துணி உடுத்திக்கொள்ளுமாறு இந்திய ஹஜ் குழு அறிவுறுத்துகிறது. மீக்காத் நெருங்குகையில் விமானத்தில் அறிவிப்பு வரும், அப்போது நிய்யத். துணி உடுத்துவது வேறு, இஹ்ராமில் புகுவது வேறு என்பதால் சட்டத்தில் இதற்குத் தடையே இல்லை. நிய்யத்து வைக்காத வரை அந்த வெள்ளைத் துணிக்குள் இருப்பவர் நகம் வெட்டலாம், தலையில் தொப்பி அணியலாம். ஹனபி மத்ஹபில் நிய்யத்தோடு தல்பியாவும் சேர்ந்தால்தான் இஹ்ராம் தொடங்கும். ஷாபிஈ மத்ஹபில் நிய்யத்தே போதும், தல்பியா சுன்னத்து, அதாவது கட்டாயமில்லாத நபிவழி.

இந்த இரு மத்ஹபுகளும் அடுத்தடுத்த தெருக்களில் வாழும் ஊர் கோவை. இராவுத்தர்களும், மைசூர் ஆட்சிக் காலத்தோடு தொடர்புடைய உருது பேசும் தக்னி முஸ்லிம்களும் ஹனபிகள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து குடியமர்ந்த மாப்பிள்ளைமார் ஷாபிஈகள். திப்பு சுல்தான் காலத்தோடு ஊர்மரபு இணைத்துச் சொல்லும் கோட்டைமேட்டுப் பள்ளிவாசல், கோட்டை ஹிதாயத்துல் இஸ்லாம் ஷாபிய்யா ஜமாஅத் என்ற பெயரிலேயே தன் மத்ஹபைத் தாங்கி நிற்கிறது. எங்கிருந்து இஹ்ராம் கட்டுவது சிறப்பு என்ற கேள்விக்கே இத்தெருக்களில் இரண்டு விடைகள் உண்டு. தடைகளைப் பேணும் உறுதி உள்ளவர் வீட்டிலிருந்தே கட்டுவது மேலானது என்பது ஹனபி நிலை. ஷாபிஈகளுள் ராஃபிஈ அதையொட்டியே கருத, நவவீயோ நபிகள் துல்ஹுலைஃபா வரை சென்றே கட்டினார்கள் என்பதைக் காட்டி, மீக்காத்தே சிறப்பு என்று முடிவு சொன்னார். நவவீயின் சொல்லே அம்மத்ஹபில் நிலைத்தது.

ஹஜ்ஜுக்கு முந்திய வாரங்களில் பள்ளிவாசல்களில் நடக்கும் விளக்க வகுப்புகளில் இத்தகைய சட்ட நுட்பங்களைவிடத் துணியும் செருப்பும் சோப்புமே மிகுதியாகக் கேட்கப்படுவது இயல்பு. நெசவு வாழ்வாதாரமான இந்த வட்டாரத்தில் தைக்காத துணி புதிய பொருளல்ல. ஆனால் தமிழ் முஸ்லிம் ஆடவரின் அன்றாட உடை இரு முனைகளையும் சேர்த்து மூட்டிய கைலி. இஹ்ராமில் இடுப்புத் துணியை மூட்டாமல் உடுத்த வேண்டும் என்றதும், வாழ்நாள் முழுக்க மூட்டிய கைலியில் நடமாடிய முதியவருக்கு, கூட்டத்தில் துணி நழுவிவிடுமோ என்ற கவலை முதலில் எழுகிறது. உடம்பின் வடிவுக்கேற்பத் தைத்த ஆடையே தடுக்கப்பட்டது என்பதால், மறைக்க வேண்டியதை மறைக்க இயலாதவர் மூட்டிய துணியை உடுத்தினாலும் குற்றமில்லை என்று ஹனபி மார்க்க அறிஞரான ஆலிம்கள் பலர் இளகிச் சொல்வர். ஷாபிஈ நூல்கள் இதில் கண்டிப்பானவை. பணப்பை வைத்த இடுப்புவார் தைத்ததாக இருந்தாலும் குற்றமில்லை, ஏனெனில் அது உடையன்று. காலில், மேற்புற எலும்பு மூடாத ரப்பர் செருப்பு.

நறுமணம் இன்னும் நுட்பமானது. ஒப்பணக்கார வீதியில் அத்தர் வணிகர் பெயரால் வழங்கும் அத்தர் ஜமாஅத் பள்ளிவாசல் கோவையின் பழைய பள்ளிவாசல்களுள் ஒன்று. வெள்ளிக்கிழமைக்கும் பெருநாளுக்கும் அத்தர் பூசுவது இம்மக்களின் பழக்கத்தில் ஊறியது. இஹ்ராமுக்குச் சற்று முன் உடம்பில் நறுமணம் பூசிக்கொள்வது நபிகளின் வழக்கம் என்று அவர்களின் துணைவியார் அன்னை ஆயிஷா அறிவித்திருக்கிறார். நிய்யத்துக்குப் பிறகோ அது முற்றிலும் தடை. உடுப்பு இங்கும் நிய்யத் வானிலும் என்று பிரிந்துவிட்ட பிறகு, குளித்த கையோடு பூசிய அத்தருக்கும் தடை தொடங்கும் நேரத்துக்கும் இடையே பல மணி நேரம் விழுந்துவிட்டது. துணியில் படிந்த மணம் சிக்கலை உண்டாக்குகிறது. விமானத்தில் முகம் துடைக்கத் தரும் வாசனை ஈரத்தாள்கூட, அறிவிப்புக்கு முன் கையில் வந்தால் ஒன்றுமில்லை, பின்னால் வந்தால் குற்றம். ஓர் உறுப்பு முழுவதும் மணம் பூசினால் பலிப்பிராணி, அதற்குக் குறைந்தால் தர்மம் என்று ஹனபி சட்டம் அளந்து சொல்கிறது. தெரிந்தே பூசியது எவ்வளவானாலும் பரிகாரம் உண்டு என்பது ஷாபிஈ சட்டம். மணமற்ற சோப்பும் வலிநிவாரணத் தைலமும் தேடி ஹாஜிகள் கடை கடையாக ஏறுவதன் பின்னணி இதுவே.

பழனிக்கு மாலை போட்டு நடப்பவரைப் பார்த்து வளர்ந்த கொங்கு வாசகருக்கு இந்த ஒழுங்கின் அமைப்பை ஓர் ஒப்பீட்டால் காட்டலாம். மாலை போடுவது ஒரு நாளில் தொடங்கி, நாள்களை எண்ணி, வீட்டு வாழ்வுக்குள்ளேயே காக்கப்படும் விரதம். அதன் அளவுகோல் காலம். இஹ்ராமின் அளவுகோல் முதன்மையாக இடம். ஷவ்வால் பிறை பிறந்தது முதல் துல்ஹஜ் வரை ஹஜ்ஜுக்கென்று காலமும் வரையறுக்கப்பட்டிருந்தாலும், அந்தக் காலத்துக்குள் எப்போது என்பதைப் பயணி ஒரு கோட்டை நெருங்குவதே தீர்மானிக்கிறது. அதனால் வீட்டில் செய்யும் ஆயத்தம் இஹ்ராமின் பகுதியாகாமல் தனித்து நிற்கிறது: கடனைத் தீர்ப்பது, மரண சாசனம் எழுதுவது, உறவினர் வீடுகளுக்கும் மனக்கசப்பு உள்ளவர் வீடுகளுக்கும் சென்று மாப்புக் கேட்பது, தடுப்பூசி போட்டுக்கொள்வது. இவற்றுள் மாப்புக் கேட்பதற்கு எந்தப் பரிகாரப் பட்டியலிலும் இடமில்லை. ஆயினும் ஊரார் மனத்தில், ஒருவர் ஹஜ்ஜுக்குப் போகிறார் என்பது உறுதியாவது அவர் அப்படி வாசல் ஏறி வரும்போதுதான்.

பெண்களுக்கு உடை மாற்றம் இல்லை; வழக்கமான உடையே, முகத்தில் துணி படாமல். மாதவிலக்கில் இருப்பவர் எல்லையைக் கடக்கலாமா என்ற தயக்கம் வகுப்புகளில் தாழ்ந்த குரலில் கேட்கப்படுவது. ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு, கி.பி. 632இல், நபிகளின் ஹஜ் பயணத்தில் துல்ஹுலைஃபாவிலேயே அஸ்மா பின்த் உமைஸ் குழந்தை பெற்றார். அவரைக் குளித்துவிட்டு இஹ்ராமில் புகுமாறு நபிகள் பணித்தார்கள். தொழுகைக்கு வேண்டிய தூய்மை அந்த வாசலுக்கு நிபந்தனையாக்கப்படவில்லை. கஅபாவை வலம்வரும் தவாஃபுக்கு மட்டுமே அத்தகைய பெண் காத்திருக்க வேண்டும். மணமுடிக்கத் தகாத நெருங்கிய ஆண் உறவினரான மஹ்ரம் துணை குறித்தோ மத்ஹபுகள் பிரிகின்றன: நம்பிக்கையான பெண்கள் குழுவோடு கடமையான ஹஜ்ஜுக்குச் செல்லலாம் என்கிறது ஷாபிஈ, மஹ்ரம் வேண்டும் என்கிறது ஹனபி. 2018 முதல் இந்திய அரசு 45 வயதைக் கடந்த பெண்கள் குழுவாக மஹ்ரமின்றிச் செல்ல அனுமதித்தபோது, அவரவர் மத்ஹப் இடம் கொடுத்தால் என்ற நிபந்தனையோடுதான் விதி அமைந்தது. கோட்டைமேட்டின் அடுத்தடுத்த வீட்டு விதவையர் இருவரில் ஒருவருக்கு மட்டும் அது பயன்பட்டிருக்கக்கூடும்.

ஹஜ் குழுவின் விமானங்களில் சில முதலில் மதீனாவுக்குச் செல்கின்றன. அதில் இடம் கிடைத்த பயணி வேட்டி சட்டையிலேயே புறப்பட்டு, மதீனாவில் தங்கியபின், நபிகள் கட்டிய அதே துல்ஹுலைஃபாவில், தரையில் நின்று, குளித்து, உடுத்து, நிய்யத்து வைத்து இஹ்ராமில் புகுகிறார். உடையும் நிய்யத்தும் மீண்டும் ஒன்றுசேரும் இந்த வழியை வாய்ப்புள்ளோர் விரும்புவது வியப்பன்று. ஜித்தா விமானத்தில் செல்பவருக்குப் புறப்படும் ஊர் எது என்பதே பெரிய கேள்வி. கோவையில் ஹஜ் புறப்பாட்டு நிலையம் இல்லை. தமிழகப் பயணியர் சென்னையிலிருந்து செல்வதே வழக்கம். பெருந்தொற்றால் 2020, 2021இல் இந்தியாவிலிருந்து எவரும் செல்ல இயலாமல் போய், 2022இல் மீண்டும் வழி திறந்தபோது புறப்பாட்டு நிலையங்கள் பத்தாகக் குறைக்கப்பட்டு, சென்னை விடுபட்டு, தமிழகத்தார் கொச்சியிலிருந்து அனுப்பப்பட்டனர். மாநிலத்தின் மற்றப் பகுதிகளுக்கு அது நியாயமாகவே குறையாகப்பட்டது; மாநில அரசும் சென்னையை மீட்கக் கோரி எழுதியது; 2023இல் சென்னை திரும்பக் கிடைத்தது. கோவையிலிருந்து பார்த்தாலோ ஐந்நூறு கிலோமீட்டர் கிழக்கே சென்று மீண்டும் மேற்கே பறப்பதைவிட, வாளையாறு தாண்டிக் கொச்சி விமான நிலையம் உள்ள நெடும்பாசேரி செல்வது மிகக் குறுகிய வழி.

உம்ராப் பயணியர் இந்த ஏற்பாடுகளுக்கு உட்பட்டவர் அல்லர். கோவையின் பீளமேட்டு விமான நிலையத்திலிருந்து ஷார்ஜா சென்று அங்கே விமானம் மாறி ஜித்தா செல்வோர் பலர். ஷார்ஜா எல்லா மீக்காத்துகளுக்கும் வெளியே இருப்பதால் அங்கே உடுத்தினால் போதும். ஆனால் இணைப்பு விமானத்துக்கு இடையே குளிக்கவும் உடுக்கவும் நேரமோ இடமோ கிடைக்குமா என்ற ஐயத்தில் வீட்டிலேயே உடுத்திக் கிளம்புவோரும் உண்டு. தூங்கிவிட்டால் அறிவிப்பைத் தவறவிடுவோம் என்று அஞ்சி நிய்யத்தையும் முன்கூட்டியே வைப்பவர் சிக்கலுக்கும் ஆயத்தமாக வேண்டும். விமானம் தாமதமானாலும் அவர் மேல் தடைகள் ஏறிவிட்டன. பயணமே ரத்தானாலோ விசா சிக்கலில் திருப்பி அனுப்பப்பட்டாலோ அவர் வெறுமனே துணியைக் களைந்துவிட்டு இயல்புக்குத் திரும்ப முடியாது. ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு ஹரமின் விளிம்பிலுள்ள ஹுதைபிய்யாவில் தடுத்து நிறுத்தப்பட்ட நபிகளும் தோழர்களும் பலியிட்டு, முடி களைந்துதான் இஹ்ராமிலிருந்து வெளிவந்தனர். நிய்யத்து வைக்கையிலேயே, தடை வந்தால் தடுக்கப்படும் இடத்தில் விடுபடுவேன் என்று நிபந்தனை சொல்லிக்கொள்ள ஷாபிஈ மத்ஹப் இடம் தருகிறது. நோயுற்றிருந்த ளுபாஆ பின்த் ஸுபைருக்கு நபிகள் கற்றுத்தந்தது அதற்கு ஆதாரம். அப்படிச் சொல்லியவர் பலியின்றியே விடுபடலாம். ஹனபி மத்ஹபில் அந்த நிபந்தனைக்குப் பயனில்லை. தடுக்கப்பட்டவரின் சார்பில் ஹரம் எல்லைக்குள் ஒரு பிராணி பலியிடப்பட்ட செய்தி வரும் வரை, அவர் கோவைக் கரும்புக்கடையில் தம் வீட்டுத் திண்ணையில் இருந்தாலும் இஹ்ராமிலேயே இருக்கிறார். இதனால்தான் வீட்டிலிருந்தே கட்டுவது சிறப்பு என்று ஹனபி நூல் சொல்லியும், வகுப்பெடுக்கும் ஆலிம்கள், துணியை இங்கே உடுத்துங்கள், நிய்யத்தை விமானம் மேலேறிய பிறகு வையுங்கள் என்று அறிவுறுத்துகிறார்கள்.